கோல்ப் மேதை பாபி ஜோன்ஸ்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

கோல்ப் ஆட்டத்தை நேரில் கண்டவர்கள் நம்மில் மிகச் சிலரே. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் ஏதோ ஒரு மூலையில் அதைப் பற்றி நான்கு வரிகள் இருக்கும். நாமோ கிரிக்கெட் செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆண்டு மலருக்கு ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியை பணித்தபோது எங்களுக்கும் கோல்ப் நினைவுக்கு வரவே இல்லை. நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோது பாபி ஜோன்ஸ் என்பவரின் வாழ்வில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி கண்ணில் பட்டது. அதைப் படித்தபின் வேறொருவரைத் தேட மனம் வரவில்லை. அந்நிகழ்ச்சியைப் பின்னர் உரிய இடத்தில் கூறுவோம். முதலில் ஆட்டத்தைச் சற்றே தெரிந்துகொள்வோம்.

கோல்ப் மைதானம் நமது பள்ளி மைதானத்தைப் போன்றதன்று. பல ஏக்கர் பரப்பில் புல்வெளியும் மரங்களும் ஓடையும் மணற்பள்ளங்களும் விரிந்து கிடக்கும். அதனிடையே பதினெட்டுக் குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் வாயும் நாலேகால் அங்குல அகலம்தான். நூற்றுக்கணக்கான கஜ தூரத்திலிருந்து ஒரு சிறு வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுவந்து அந்தக் குழிக்குள் விழச் செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் பதினெட்டுக் குழிகளையும் முடிப்பவரே வென்றவர். மற்றொரு முறையும் உண்டு. இருவர் எதிரெதிராக ஆடி, குழிக்குக் குழி யார் வென்றார் என்று கணக்கிடுவது. ஒருவர் ஏழு குழிகள் முன்னணியில் இருக்க, இன்னும் ஆறு குழிகளே மீதமிருந்தால், மேலே ஆடிப் பயனில்லை அல்லவா? அப்போது அவர் "ஏழுக்கு ஆறு" என்ற கணக்கில் வென்றதாக எழுதுவார்கள்.

நமக்கு மிகவும் வியப்பளிப்பது வேறொன்று. இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் பின்னாலும் விசில் ஊதிக்கொண்டு நடுவர் ஓடி வருவதில்லை. புதருக்குள் பந்து விழுந்தால் ஆட்டக்காரர் பெரும்பாலும் தனியாகவே அங்கே நிற்பார். தவறு நேர்ந்தால் அவரே கூற வேண்டும். தமக்குத் தாமே தண்டனையும் விதித்துக்கொள்ள வேண்டும்.

ராபர்ட் டைர் ஜோன்ஸ் என்னும் பாபி ஜோன்ஸ் 1902ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகரில் பிறந்தார். பிற்காலத்தில் உலகை வென்றவர், குழந்தைப் பருவத்தில் நோஞ்சானாக இருந்தார். ஐந்து வயது வரையில் திட உணவே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். பிள்ளைக்கு நல்ல காற்று வேண்டுமென்று பெற்றோர் ஊருக்கு வெளியே ஈஸ்ட் லேக் என்ற இடத்தில் கோடைக்காலத்தைக் கழித்தனர். வீட்டருகிலேயே கோல்ப் மைதானம் இருந்தது. ஸ்காட்லாந்து நாட்டின் கார்னூஸ்டி என்னும் ஊரிலிருந்து வந்த ஸ்டூவர்ட் மெய்டன் என்பவர் அங்கே பயிற்சியாளராக இருந்தார். சிறுவன் பாபி அவரிடம் முறையாகப் பாடம் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் பின்னாலேயே நடப்பான். அவர் மட்டையை வீசுவதைப் பார்ப்பான். வீட்டுக்கு வந்து அப்படியே செய்து பார்ப்பான். குரங்குபோல் பாவனை செய்வதாக நம் வீடுகளில் திட்டுவார்களே, அதுதான் அவனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

ஆறு வயதில் அவனுக்கு முதற் பரிசு கிடைத்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு போட்டி நடந்தது. மூன்றே அங்குல உயரமுள்ள ஒரு கோப்பை பாபியின் கையில் கொடுக்கப்பட்டது. அந்தப் போட்டியில் அலெக்சா ஸ்டர்லிங் என்ற சிறுமியும் ஆடினாள். உண்மையில் அந்தக் கோப்பையை வென்றவள் அலெக்சாதான் என்றே தாம் நம்புவதாக ஜோன்ஸ் பெரியவரான பின்பு எழுதினார். ஒரு பெண்பிள்ளையிடம் தோற்றதாகப் பையனுக்கு இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் எண்ணினார்களோ என்னவோ, எங்களுக்கு அது சற்றுக் கோபத்தையே மூட்டியது. ஆனால் அலெக்சா அதோடு நின்றுவிடவில்லை. 1916, 1919, 1920 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டத்தை மூன்று முறை வென்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்ட, பாபியும் அலெக்சாவும் வேறு இரு இளம் ஆட்டக்காரர்களும் ஊர் ஊராகச் சென்று ஆடிக் காட்டினர்.

1916இல், பதினான்கு வயதில், பாபி அமெரிக்க அமெச்சூர் போட்டிக்குச் சென்றார். பிலடெல்பியாவுக்கு அருகில் மெரியன் என்ற மைதானம். அரைக்கால் சட்டை வயதைச் சற்றே கடந்த பையன், பெரியவர்களை வென்று காலிறுதி வரை வந்துவிட்டான்! பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. இனி ஆண்டுக்கொரு பட்டம் நிச்சயம் என்று எல்லோரும் எண்ணினர். ஆனால் அடுத்த ஏழு ஆண்டுகள் ஒரு பெரிய பட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

காரணம், கோபம். அடி தவறினால் மட்டையை வீசி எறிவார். 1921இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்காக ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சென்றார். கோல்ப் ஆட்டத்தின் தாய்வீடு அது. மூன்றாம் சுற்றில் ஆட்டம் தாறுமாறாகப் போயிற்று. பதினோராவது குழியில் பந்து மணற்பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. அடித்து அடித்துப் பார்த்தும் வெளியே வரவில்லை. கணக்குச் சீட்டைக் கிழித்துவிட்டுப் போட்டியிலிருந்தே விலகினார். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் செய்த இந்தச் செயல், வாழ்நாள் முழுதும் அவரை வருத்தியது. அதே ஆண்டு அமெரிக்காவில் அவர் எறிந்த மட்டை துள்ளிப் பார்வையாளராக நின்ற ஒரு பெண்மணியின் காலில் பட்டது. கோபத்தை அடக்கிக்கொள்ளாவிட்டால் எங்கள் போட்டிகளில் இனி இடமில்லை என்று அமெரிக்க கோல்ப் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.

ஒரே நாளில் யாரும் மாறிவிடுவதில்லை. அவரும் மெல்ல மெல்லவே மாறினார். எதிரே நிற்கும் ஆட்டக்காரரைப் பார்த்து ஆடாமல், மைதானம் கேட்கும் அடிகளின் எண்ணிக்கையை மட்டும் மனத்தில் வைத்து ஆடப் பழகினார். 1923இல் நியூயார்க் அருகே இன்வுட் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓப்பனில் அவரும் பாபி குருக்சாங்க் என்பவரும் சமமாக நின்றனர். மறுநாள் மீண்டும் பதினெட்டுக் குழிகள் ஆடினர். கடைசிக் குழி வரையிலும் சமநிலையே! பந்து புல் குறைந்த மண்தரையில் கிடந்தது. குழிக்கு முன்னே நீர்த்தேக்கம். ஜோன்ஸ் நெடுநேரம் யோசிக்கவில்லை. இரும்பு மட்டையை எடுத்தார், அடித்தார். பந்து நீரைத் தாண்டிச் சென்று குழிக்குச் சில அடி தூரத்திலேயே விழுந்தது. ஏழாண்டுப் பஞ்சம் அன்றோடு தீர்ந்தது. விவிலியத்தில் யோசேப்பு விளக்கிய பாரோவின் கனவைத் தலைகீழாக்கியதுபோல, ஏழு மெலிந்த ஆண்டுகளுக்குப் பின் ஏழு கொழுத்த ஆண்டுகள் என்றுதான் அவரது வாழ்வை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். 'அமெச்சூர்' என்றால் என்ன? ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டு பணம் பெறுவோர் தொழில்முறை ஆட்டக்காரர். விருப்பத்துக்காக மட்டும் ஆடுவோர் அமெச்சூர். ஓப்பன் போட்டிகளில் இரு வகையினரும் ஆடலாம்; அமெச்சூர் போட்டிகளில் பின்னவர் மட்டுமே ஆடலாம். ஜோன்ஸ் ஓப்பன் பட்டத்தை வென்றபோதும் பரிசுப் பணத்தைத் தொட்டதில்லை. அட்லாண்டா நகரத்து நண்பர்கள் அவருக்கு வீடு வாங்குவதற்காக 50,000 டாலர் திரட்டிக் கொடுத்தனர். அது அமெச்சூர் விதிக்கு முரணாகும் என்று தெரிந்ததும் அப்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி இருந்துவிட முடியாது என்பதையும் நாம் கூறத்தான் வேண்டும். அவரது தந்தை வழக்கறிஞர், குடும்பம் வசதியானது. மட்டைப் பையைச் சுமந்து வயிறு வளர்த்து, அப்படியே ஆட்டம் கற்றுத் தொழில்முறை ஆட்டக்காரரானவர்களுக்குப் பரிசுப் பணம்தான் சோறு. அவர்களை நாம் தாழ்வாக எண்ண இடமில்லை.

அவர் ஆட்டத்தையே கட்டிக்கொண்டு அழவும் இல்லை. படிப்புத்தான் முதலில். ஜார்ஜியா டெக் கல்லூரியில் 1922இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1924இல் ஆங்கில இலக்கியப் பட்டம் பெற்றார். பின்னர் எமரி பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். முழுப் படிப்பும் முடிவதற்குள்ளேயே வழக்கறிஞர் தேர்வில் தேறிவிட்டதால் தந்தையுடன் தொழிலில் அமர்ந்துவிட்டார். பொதுத் தேர்வுக்குப் பயந்து விளையாட்டு வகுப்பை விட்டுவிடும் எங்களுக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது! 1924இல் மேரி மலோன் என்ற கத்தோலிக்கப் பெண்மணியை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர்.

இனி, முதலிலே சொன்ன நிகழ்ச்சிக்கு வருவோம்.

ஆண்டு 1925. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகர மைதானத்தில் அமெரிக்க ஓப்பன். முதற் சுற்றில், பதினோராவது குழியருகே, ஜோன்ஸின் பந்து சரிவிலிருந்த உயர்ந்த புல்லில் கிடந்தது. அடிப்பதற்காக மட்டையைப் பந்தின் பின்னே கொண்டு சென்றார். புல் அசைந்தது, பந்து இம்மியளவு நகர்ந்தது. அவரைத் தவிர வேறு எவரும் அதைக் காணவில்லை. அடித்து முடித்ததும் உடன் ஆடியவரிடமும் அதிகாரிகளிடமும் சென்று, "என் பந்து நகர்ந்துவிட்டது, ஒரு அடி கூட்டிக்கொள்ளுங்கள்" என்ற பொருள்படக் கூறினார். அவர்களோ தாங்கள் பார்க்கவில்லை என்றனர். அங்கு நின்ற கூட்டத்திலும் பார்த்தவர் இல்லை. முடிவு அவரிடமே விடப்பட்டது. அவர் ஒரு அடியைக் கூட்டியே எழுதினார்.

நான்கு சுற்றுகளும் முடிந்தபோது அவர் கணக்கு 291 அடிகள். வில்லி மக்பார்லேன் என்பவரின் கணக்கும் 291. அந்த ஒரு அடி இல்லாதிருந்தால் பட்டம் அன்றே ஜோன்ஸுக்கு! மறுநாள் இருவரும் பதினெட்டுக் குழிகள் ஆடினர், மீண்டும் சமம். அன்றே இன்னொரு பதினெட்டு. அதில் மக்பார்லேன் 72, ஜோன்ஸ் 73. ஒரே ஒரு அடியில் பட்டம் கைநழுவியது. அவருடைய நேர்மையைச் சிலர் புகழ்ந்தபோது அவர் மகிழவில்லை. வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவனைப் புகழ்வது போலல்லவா இது இருக்கிறது என்று கேட்டாராம்.

இதை எழுதும்போது எங்கள் பேனா சற்றுத் தயங்குகிறது. சென்ற விளையாட்டு விழாவின் த்ரோபால் இறுதி ஆட்டத்தில், கடைசிப் புள்ளியின்போது எங்கள் அணியில் ஒருத்தியின் கை வலையைத் தொட்டது. நடுவராக நின்ற சிஸ்டர் அப்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரணியினர் கேட்டார்கள், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாய்மூடி நின்றோம். கேடயம் எங்களுக்குக் கிடைத்தது. அது இன்றும் எங்கள் வகுப்பறையின் அலமாரியில்தான் இருக்கிறது. நூலகத்தில் இந்நிகழ்ச்சியைச் சேர்ந்து படித்த நால்வரும் அந்த அணியில் ஆடியவர்களே. யாரும் பேசவில்லை. பின்னர் ஒருத்திதான், "இவரைப் பற்றியே எழுதுவோம்" என்றாள்.

ஜோன்ஸ் கதையைத் தொடர்வோம். 1926இல் பிரிட்டிஷ் ஓப்பனையும் அமெரிக்க ஓப்பனையும் ஒரே ஆண்டில் வென்றார். பிரிட்டனில் லித்தம் மைதானத்தில் நடந்த அந்தப் போட்டியின் இறுதி நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. நுழைவு அடையாளத்தை ஓட்டலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். வாயிற்காவலருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வாக்குவாதம் செய்யாமல் பார்வையாளர்களைப்போல் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்று பட்டத்தை வென்றார்! மறு ஆண்டு, சீட்டைக் கிழித்த அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். கோப்பையை அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லாமல் அவ்வூர்க் கழகத்திடமே விட்டுச் சென்றார். அன்று முதல் அவ்வூரார் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினர்.

வெளிப்பார்வைக்கு அமைதியாகத் தோன்றிய அவர் உள்ளுக்குள் பட்ட பாடு கொஞ்சமன்று. போட்டி நாட்களில் உணவு தொண்டையில் இறங்காது. ஒரு போட்டி முடிவதற்குள் உடல் எடை பத்துப் பவுண்டுக்கும் மேல் குறைந்துவிடும்.

1930ஆம் ஆண்டுதான் அவர் வாழ்வின் சிகரம். பிரிட்டிஷ் அமெச்சூர், பிரிட்டிஷ் ஓப்பன், அமெரிக்க ஓப்பன், அமெரிக்க அமெச்சூர் ஆகிய நான்கையும் ஒரே ஆண்டில் எவரும் வென்றதில்லை. மே மாதம் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் அமெச்சூர் தொடங்கியது. நான்கில் இதுவே அவருக்கு அதுவரை கிட்டாத பட்டம். சிரில் டாலி என்பவருடன் ஆடியபோது பதினெட்டுக் குழிகள் முடிந்தும் சமநிலை. பத்தொன்பதாவதில் ஜோன்ஸின் பந்து, டாலியின் பந்துக்கும் குழிக்கும் நடுவே போய் நின்றது. அக்காலத்து விதிப்படி எதிரியின் பந்து வழியை மறித்தாலும் அதை எடுத்து வைக்கச் சொல்ல முடியாது. டாலியால் சுற்றிக்கொண்டு போட முடியவில்லை. இந்த விதி 1952இல் நீக்கப்பட்டது. இறுதி ஆட்டத்தில் ரோஜர் வெதரெட்டை ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் வென்றார்.

இந்த ரோஜரின் தங்கை ஜாய்ஸ் வெதரெட், பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை நான்கு முறை வென்றவர். அதே சமயம் செயின்ட் ஆண்ட்ரூஸில் அவருடன் ஒரு சுற்று ஆடிய ஜோன்ஸ், ஆணோ பெண்ணோ, அமெச்சூரோ தொழில்முறையோ, தம்மை இவ்வளவு பின்தங்கியவராக உணரவைத்தவர் வேறெவரும் இல்லை என்று எழுதினார். மூன்று அங்குலக் கோப்பையை மறக்காதவர் அல்லவா!

ஜூனில் ஹாய்லேக் என்னுமிடத்தில் பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்று கப்பலேறினார். நியூயார்க் நகரம் காகிதத் துண்டுகளை மழையாய்ப் பொழிந்து ஊர்வலம் நடத்தியது. ஜூலையில் மினியாபொலிஸ் நகர் அருகே அமெரிக்க ஓப்பன். வெயில் சுட்டெரித்தது. வியர்வையில் நனைந்த கழுத்துப்பட்டையின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அதையும் இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றார். செப்டம்பரில் கடைசிப் போட்டி. இடம், பதினான்கு வயதில் அவர் அடியெடுத்து வைத்த அதே மெரியன்! இறுதி ஆட்டத்தில் யூஜின் ஹோமன்ஸ் என்பவரை எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் வென்றதும் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் ஓடிவந்தனர். கடற்படை வீரர்கள் சூழ்ந்து நின்று அவரை மீட்டு அழைத்துச் சென்றனர்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1930 நவம்பர் 17ஆம் நாள், போட்டி ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். வயது இருபத்தெட்டு! 1923 முதல் அதுவரை அவர் வென்ற பெரும் பட்டங்கள் பதின்மூன்று. அதன்பின் கோல்ப் ஆடும் முறையை விளக்கும் திரைப்படங்களில் நடித்துப் பணம் பெற்றார். இனித் தாம் அமெச்சூர் அல்லர் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

அவர் தம் நண்பர் கிளிபர்டு ராபர்ட்ஸுடன் சேர்ந்து ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில், பழைய செடிப்பண்ணை ஒன்று இருந்த நிலத்தில், ஒரு மைதானம் அமைத்தார். அலிஸ்டர் மெக்கன்சி என்ற வல்லுநர் வடிவமைப்பில் துணை நின்றார். 1934 முதல் அங்கு நடக்கும் போட்டிதான் இன்று உலகப்புகழ் பெற்ற மாஸ்டர்ஸ். ஆனால் அந்தப் போட்டியில் ஒரு கறுப்பின வீரர் முதன்முறை ஆட 1975 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தக் கழகம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்த்தது 1990இல்; பெண்களைச் சேர்த்ததோ 2012இல்தான். ஒரு அடியைக்கூட மறைக்காத மனிதர் நிறுவிய இடத்தில் இந்த அநீதி அவர் காலத்திலேயே இருந்தது. அதை அவர் மாற்றினார் என்று எழுத எங்களுக்கு ஆசைதான். ஆனால் மாற்றவில்லை. 2019இல் அகஸ்டாவில் மகளிர் அமெச்சூர் போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. அலெக்சா இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

இரண்டாம் உலகப் போரில், நாற்பது வயதானபோதும், அவர் படையில் சேர்ந்து பணியாற்றினார். 1948இல் முதுகுத்தண்டை அரிக்கும் கொடிய நோய் ஒன்று அவரைப் பற்றியது. கைகால்கள் சிறிது சிறிதாக வலுவிழந்தன. அந்த ஆண்டோடு ஆட்டம் நின்றது. முதலில் ஊன்றுகோல், பிறகு கால்களுக்கு இரும்புத் தாங்கிகள், கடைசியில் சக்கர நாற்காலி. நோயைப் பற்றி அவர் பிறரிடம் அதிகம் புலம்பியதில்லை என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். விளையாட்டு நேர்மைக்காக அமெரிக்க கோல்ப் சங்கம் 1955 முதல் வழங்கும் விருது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் மக்கள் அவரை மறக்கவில்லை. 1936இல் ஐரோப்பாவுக்கு வந்த அவர், ஆரவாரமின்றி ஒரு சுற்று ஆடலாமென்று அங்கே போனார். செய்தி எப்படியோ பரவிவிட்டது. கடைகளை மூடிவிட்டு ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் கூடிவிட்டனர். 1958 அக்டோபரில் அவ்வூர் அவருக்கு நகரக் குடியுரிமை அளித்துப் பாராட்டியது. 1759இல் பெஞ்சமின் பிராங்க்ளினுக்குப் பின் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. மண்டபத்தில் யார் துணையுமின்றித் தட்டுத் தடுமாறி மேடைக்கு நடந்தார். எழுதி வந்த தாளை விட்டுவிட்டு மனத்திலிருந்தே பேசினார். தம் வாழ்விலிருந்து மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இவ்வூரில் பெற்ற அனுபவங்களை மட்டும் விட்டுவைத்தாலும் நிறைவான வாழ்வாகவே இருக்கும் என்றார். விழா முடிந்து அவர் சிறு வண்டியில் மெல்ல வெளியேறியபோது, மீண்டும் வரமாட்டாயா என்னும் பொருளுடைய பழைய ஸ்காட்லாந்துப் பாடலை மண்டபமே எழுந்து நின்று பாடியது.

அவர் மீண்டும் வரவில்லை. 1971 டிசம்பர் 18ஆம் நாள் அட்லாண்டாவில், தம் அறுபத்தொன்பதாம் வயதில் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், மனைவி மேரியின் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றிருந்தார். செய்தி எட்டியபோது செயின்ட் ஆண்ட்ரூஸில் கொடி அரைக்கம்பத்தில் இறக்கப்பட்டது. மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தினர். அங்குள்ள பத்தாவது குழிக்கு இன்று அவர் பெயர்.